பாத்திரம் கழுவிய பாட்டன்

சின்ராசுவைப் புலி அடித்ததா, யானை மிதித்ததா என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவாக வேண்டும். அவர் செத்த விதத்தைச் செதுக்கிக் குலசாமி கோயிலில் நட்டுவைக்கப் புதுக் கல்லோடு சிற்பி காத்திருந்தார்.

சின்ராசு, போடி ஏலக்காய் வியாபாரி கோட்டைச்சாமியின் பாட்டனாருக்குப் பாட்டனாரின் தம்பி. வெள்ளைக்காரன் காலத்தில், இருபத்தொரு வயதில், கல்யாணம் ஆகாமல் மலையில் செத்துப்போனவர். போடிமெட்டுச் சாலைக்குக் கீழே அவருக்கு ஒரு கல் உண்டு. ஆடி அமாவாசைக்கு அங்கே சோறு படைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். பார்த்தால் குடும்பம் விளங்காது. குடும்பத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எப்படிச் செத்தார் என்பது யாருக்கும் சரியாகத் தெரியாது.

“புலிதான். வெறுங்கையால அதைக் கொன்னுட்டுத்தான் செத்தாரு” என்றார்கள் ராசிங்காபுரத்துப் பங்காளிகள். புலி செதுக்கியாயிற்று.

“எவன் சொன்னான்? யானை!” என்று பொட்டிபுரத்துப் பங்காளிகள் கொதித்தார்கள். சிற்பியைக் கெஞ்சிப் புலிக்குத் தும்பிக்கை வைத்தார் கோட்டைச்சாமி. பன்றி மாதிரி வந்தது.

“அட கிறுக்குப் பயலுகளா, அவரு வயித்தால போயிச் செத்தவருய்யா” என்றார் பெரியப்பா சோலைமலை. அதை எந்தச் சிற்பி செதுக்குவார்? இரண்டு ஊர்ப் பங்காளிகளும் கோயில் பக்கமே வரமாட்டோம் என்று போனை வைத்துவிட்டார்கள்.

போய்த் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கோட்டைச்சாமிக்கு அந்தப் பாட்டன் வேண்டியிருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரே மகள் முத்துப்பிரியா மலைமேல் எஸ்டேட் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டபோது, தெருவே பார்க்கத் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, “எனக்கு மக செத்துட்டா” என்றவர் அவர். தண்ணீர் அன்றைக்கே காய்ந்துவிட்டது. மகள் நினைப்புத்தான் காயவில்லை. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வருடத்திலிருந்துதான் அதிசயம். அதுவரை காக்காயும் எறும்பும் தின்ற படையலை யாரோ ஒரு பருக்கை விடாமல் தின்று, தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார்கள். மறுநாள் சட்டியை எடுத்துவரும் ஜீப்பு டிரைவர் வீரையாவே சாட்சி.

“குலமானத்தக் காத்தேன்ல, பாட்டன் மனசு குளிர்ந்துட்டாரு. எந்த வீட்டுப் பாட்டன் பாத்திரம் கழுவுறான், சொல்லு?” என்று மனைவி பாண்டீஸ்வரியிடம் பெருமையடித்தார் கோட்டைச்சாமி.

“இந்த வீட்டு ஆம்பளைக செத்தாத்தான் கழுவுவாக போல” என்றாள் அவள்.

இந்த அமாவாசைக்குப் பாட்டனிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினார். சட்டியைத் திறந்தவர் முகம் சுளித்தார்.

“என்ன, மொச்சைக் குழம்பு வெளுத்துப் போயிருக்கு? காரமே போடலியா?”

“ஒத்துக்காது.”

“பாட்டனுக்கா?”

“வெரசாக் கெளம்புங்க. ஜீப்பு நிக்குது.”

மலையில் தூறிக்கொண்டிருந்தது. இலை போட்டுப் படைத்துவிட்டு, “பாட்டா, புலியா, யானையா, பேதியா? ஒரு சாடை காட்டுங்க” என்று கும்பிட்டார். பிறகு குரல் தணிந்தது. “எம்மகளத் தலைமுழுகுனது சரிதானே? அதையும் சொல்லிருங்க.” கண்ணாடியைக் கழற்றி வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜீப்பு இரண்டு வளைவு இறங்கிய பிறகுதான் மூக்கைத் தடவிப் பார்த்தார்.

“கண்ணாடி! வண்டியத் திருப்பு.”

“ஐயையோ, வேணாம்ணே! திரும்பிப் பாக்கக் கூடாது!” வீரையா பதறினார்.

“கண்ணாடி இல்லாம எனக்கு என்னய்யா தெரியப் போகுது?”

தெரிந்தது. கல்லுக்கு முன்னால் மங்கலாக ஓர் உருவம் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு இன்னொன்று.

“வீரையா... பாட்டனுக்குத்தான் கல்யாணமே ஆகலியே. கூட இருக்கிறது யாருய்யா?”

“வாங்கண்ணே, போயிருவோம்” என்று வீரையா அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

கோட்டைச்சாமி ஈரத்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “பாட்டா, பாத்துட்டேன், மன்னிச்சிருங்க!”

சின்ன உருவம் கெக்கெக்கே என்று சிரித்தது. பெரிய உருவம் எழுந்து வந்து அவர் கையில் கண்ணாடியை வைத்தது.

“நான்தாம்ப்பா.”

கண்ணாடியைப் போட்ட பிறகும் அவருக்கு எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் அப்படி. நாலு வருடத்தை வீணடித்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். பேரன் குழம்புக் கையால் அவர் மீசையைப் பிடித்து இழுத்தான்.

“சட்டியெல்லாம் கழுவி வச்சது...”

“அம்மா சமைச்சதுப்பா. கழுவாமக் குடுத்தா ஏசுமே.”

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போதும் ஒரு பயம் மிச்சமிருந்தது.

“பாட்டன் சோத்தத் தின்னுட்டியே ஆத்தா, அவரு கோவிச்சுக்க மாட்டாரா?”

“எப்படிண்ணே கோவிப்பாரு?” என்றார் வீரையா. “அவரு சாகவே இல்ல, இந்த மலைப் பொண்ணு ஒருத்தியக் கட்டிக்கிட்டு எம்பது வயசு வரைக்கும் இங்கனதான் இருந்தாரு, நானே அவரு வம்சந்தான். உங்காளுக அவரத் தலைமுழுகுன பெறகு, மகனுக்கு ஒரு வாய்ச் சோறு போடணும்னு இந்தக் கல்லை நட்டு, வச்சிட்டு யாரும் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னதே அவரப் பெத்த ஆத்தாதான்.”