மஞ்சள் சட்டை மாமா

பொரித்த கோழி இனி இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று செந்தமிழ்ச்செல்வி ஒரு திங்கட்கிழமை காலையில் தீர்மானம் போட்டாள். தாண்டும் என்று தெய்வசிகாமணி அன்று மத்தியானமே தீர்மானம் போட்டார். அவளுடையது வாய்விட்டுச் சொன்ன தீர்மானம். அவருடையது வாய்க்குள் போட்டுக்கொண்ட தீர்மானம்.

முத்தியால்பேட்டையில் இரண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள வாடகை வீடு. தெய்வசிகாமணிக்கு ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. வயது நாற்பத்து மூன்று. செல்விக்கு முப்பத்தாறு. ஒரே பெண் கலைவாணி நான்காம் வகுப்பு. அந்த 2007ஆம் வருஷம்தான் செல்வி, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில். சேர்ந்தாள். டி.வி.யில் வரும் துரித உணவு விளம்பரங்களும் குழந்தைகளின் உடல் பருமனும் என்பது ஆய்வுத் தலைப்பு. அவள் ஆய்வு தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் ஓய்வு இல்லை.

காரணம் இருந்தது. ஒன்பது வயது வாணி நாற்பத்தாறு கிலோ. பள்ளி மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். டாக்டர் எடை மிஷினையும் செல்வியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுக்கு இது ஆகாதும்மா" என்றார். செல்விக்கு அதுவே போதுமாக இருந்தது.

இருநூறு விளம்பரங்களைக் கேசட்டில் பதிவு செய்துவைத்து, ஒலியை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்ப்பாள். ஹாலில் நாள் முழுக்கக் குழந்தைகள் சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருக்கும். வாய் திறக்கும், பல் தெரியும், சத்தம் வராது. வாணி பக்கத்தில் உட்கார்ந்து, பாடம் ஒப்பிக்கிற குரலில், "வா, வா, வந்து கடி" என்று வரி தவறாமல் சொல்வாள். தெய்வசிகாமணிக்கு முதுகுத்தண்டில் பல்லி ஓடுவது போல இருக்கும்.

அவருடைய திட்டம் இதுதான். ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது. மூன்றேகாலுக்கு வீட்டில் இருப்பார். வாணி வர நாலரை. செல்வி வர ஐந்தரை. நடுவில் இருக்கிற நேரம் அவருடையது. வருகிற வழியில் கொக்கரக்கோ சிக்கன் கடையில் ஒரு பெட்டி. சமையலறையில் நின்றபடியே இரண்டு பீஸ். மிச்சத்தையும் எலும்பையும் காகிதத்தில் சுற்றி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து, மறுநாள் கம்பெனி வாசல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட வேண்டியது. வாசனைக்கு இரண்டு ஊதுபத்தி. திங்கள் நன்றாகப் போனது. செவ்வாயும் நன்றாகப் போனது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வி ஆட்டோவில் ஒரு ஆளோடு வந்து இறங்கினாள். ஆள் ஆறடி. அட்டை. கொக்கரக்கோ கடை விளம்பரத்து மஞ்சள் சட்டை மாமா. தலையில் சிவப்புக் கொண்டை, காது வரைக்கும் சிரிப்பு, முன்னால் நீட்டிய ஒரு விரல். எந்தப் பக்கம் போனாலும் கண் கூடவே வந்தது.

"இது எதுக்கும்மா?"

"ஆய்வுக்குங்க. கடையில விளம்பரத்த மாத்துறாங்களாம். கேட்டு வாங்கியாந்தேன்."

"வீட்டுக்குள்ளயா?"

"பின்ன? தெருவுல வெச்சா நனைஞ்சிடாது?"

புதன்கிழமை மூன்றேகால். பகல் தூக்கத்தில் தெரு அப்படியே அடங்கிக் கிடந்தது. கடைகள் சாத்தியிருந்தன. ஒரு நாய் கூட இல்லை. தெய்வசிகாமணி கதவைத் திறந்தார். ஹாலில் மாமாவைக் காணோம். விட்டது தொல்லை என்று பெட்டியோடு சமையலறைக்குள் நுழைந்தார். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் சட்டை நின்றது. விரல் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

இரண்டோடு நிறுத்துகிறவர்தான். அன்று பயத்தில் கை தானாகப் பெட்டிக்குப் போனது, வாய்க்கு வந்தது, திரும்பப் போனது. பெட்டியில் பார்த்தபோது அஞ்சு பீஸ் காலியாகியிருந்தது.

சாயங்காலம் டீக்கடைக்குப் போய்த் திரும்பினால், மாமா ஹாலில் பழைய இடத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா செல்வி, அந்தக் கட்டவுட்ட ஏன் கிச்சன்ல வெச்ச?"

"எத?"

"அதான், மஞ்ச சட்ட."

"அது ஹால்லதானே நிக்குது."

"இப்ப நிக்குது. மத்தியானம் கிச்சன்ல நின்னுச்சு."

"மத்தியானம் உங்களுக்குக் கிச்சன்ல என்ன வேல?"

"தண்ணி குடிச்சேன்."

"தண்ணிப் பான ஹால்லதானங்க இருக்குது?"



வியாழக்கிழமை மாமா படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். சட்டை மாற்றப் போனவர் அலறிவிட்டார். ஆறு பீஸ். வெள்ளிக்கிழமை வீடு முழுக்கத் தேடியும் மாமாவைக் காணவில்லை. அன்று நிம்மதியாக இரண்டே பீஸ் தின்று, ஊதுபத்தி கொளுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். வாணி பள்ளியிலிருந்து வந்தாள். பையை இறக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, புதன்கெழம அஞ்சு. நேத்து ஆறு. ஏம்பா ஏறிக்கிட்டே போவுது?"

"எ... எதும்மா?"

"மாமா சொன்னாரு."

"எந்த மாமா?"

அவள் முகவாயால் படுக்கையறைப் பக்கம் காட்டிவிட்டுக் கை கால் கழுவப் போனாள். படுக்கையறையில் ஒருவரும் இல்லை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிற தைரியம் தெய்வசிகாமணிக்கு வரவில்லை.

சனிக்கிழமை அவர் ஸ்கூட்டரை நிறுத்தியபோது எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"யக்கா, மத்தியானத்துல எங்க வூட்டுக்கு யாராச்சும் வராங்களா?"

"யாரும் வர்லியேப்பா."

"நெசமா?"

"நெசமாத்தான். உள்ள இருக்கறவருதான் ஜன்னலண்ட நின்னு தெருவயே பாத்துக்கினு இருக்காரு. மஞ்ச சட்ட. உன் மச்சானா? வணக்கம் சொன்னேன், பதிலே பேசல. திமிரு புடிச்ச மனுசன்."

தெய்வசிகாமணி ஜன்னலைப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் சிவப்புக் கொண்டை தெரிந்தது. அன்றைக்கு அஞ்சு.

திங்கட்கிழமை ஒரு முடிவோடு வந்தார். மாமா ஹாலில் இருந்தார். தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் முகம் இருக்கும்படி திருப்பி வைத்தார். சமையலறைக்குப் போய் இரண்டு பீஸ் தின்றார். விக்கல் எடுத்தது. தண்ணிக்காக ஹாலுக்கு வந்தார். மாமா அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. தெய்வசிகாமணி அப்படியே தரையில் உட்கார்ந்தார். மாமாவின் முகத்தையே பார்த்தபடி, மிச்சம் நாலு பீஸையும் தின்று முடித்தார். ருசி தெரியவில்லை. பசியும் இல்லை. நிறுத்த மட்டும் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாமா குளியலறையில் நின்றார். பொறுத்தது போதும் என்று தெய்வசிகாமணி கயிற்றை எடுத்தார். ஸ்கூட்டர் பின்சீட்டில் வைத்து, தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஆள் இல்லாத வீதிகளில் வண்டி போயிற்று. காற்றில் அட்டை வளைந்து, நீட்டிய விரல் அவர் தோளின் மேல் வந்து உட்கார்ந்தது. திருப்பத்தில் ஒரு மாடி வீட்டுக் குழந்தை கையை ஆட்டியது. அவரும் ஆட்டினார். குழந்தை அவருக்கு ஆட்டவில்லை என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் புரிந்தது.

கொக்கரக்கோ கடையில் கல்லாவில் இருந்த முருகையன் எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன சார், இன்னைக்கு ஆளோட வந்திருக்கீங்க? ஒரு பெட்டியா, ரெண்டா?"

"ஒண்ணும் வேணாம். இத வாங்கிக்குங்க."

"வேணாம் சார், நீங்களே வெச்சுக்குங்க."

"வாங்கிக்கய்யா! காலுல வேணா உழறேன்!"

கயிற்றை அவிழ்த்தார், கடை வாசலில் சாய்த்தார், வண்டியைக் கிளப்பினார். இத்தனை நாளில் கோழி வாங்காமல் அந்தக் கடையிலிருந்து திரும்பியது அதுதான் முதல் தடவை. முத்தியால்பேட்டை வரைக்கும் தோளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். தோளில் ஒன்றும் இல்லை.

கதவைத் திறந்தார்.

ஹாலில், அதே இடத்தில், மஞ்சள் சட்டை நின்றது.

தெய்வசிகாமணி மண்டி போட்டார். கை கூப்பிக்கொண்டார்.

"சாமி! நீ யாரா இருந்தாலும் சரி, என்ன வுட்டுடு. நான்தான் தின்னேன். எட்டு நாளுல இருவத்தெட்டு பீஸு. பசிக்குன்னு தின்னல சாமி, ஒன் மூஞ்சியப் பாத்தா கை தானாப் போவுது. புள்ள தின்னக் கூடாதுன்னு சொல்லிட்டு, அதுக்குச் சுண்டலக் குடுத்துட்டு, நான் மறைஞ்சு நின்னு தின்னேன். வெக்கமா இருக்குது சாமி..."

"கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க. எழுத வேணாமா?"

அட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தெய்வசிகாமணிக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. மஞ்சள் சட்டைக்குப் பின்னால் செல்வி சம்மணம் போட்டு, மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீயா?"

"நாந்தாங்க. இன்னைக்குக் கடைசி நாளு. குஞ்சம்மா அக்கா வூட்டுலேர்ந்து பாத்துக்கினு இருந்தேன். நீங்க அவரக் கட்டி எடுத்துக்கினு போனதும் இவரக் கொண்டாந்து வெச்சேன்."

"இவரா? அப்ப அவரு?"

"கடையில மூணு குடுத்தாங்க."

திங்கட்கிழமையே அவளுக்குத் தெரியுமாம். குடை எடுக்க டிக்கியைத் திறந்தவள் எலும்பைப் பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அவர் டீக்கடைக்கு நடந்துபோனதும் எலும்பை எண்ணிவிட்டுத் திரும்பச் சுற்றிவைத்திருக்கிறாள். காலையில் அவர் கிளம்பியதும் மாமாவை ஒவ்வொரு இடமாக நிறுத்தினது அவள். சாயங்காலம் ஹாலுக்குக் கொண்டுவந்தது வாணி.

"மாமா கண்ணுல படாத நாளு ரெண்டு பீஸு. பட்ட நாளு அஞ்சு, ஆறு. பாருங்க." நோட்டில் கோடு மேலே ஏறி இறங்கியது. "நாப்பத்திமூணு வயசு மனுசனுக்கே இப்படின்னா, எட்டு வயசு, ஒம்போது வயசுப் புள்ளைங்களுக்கு? பச்சப் புள்ளைங்களுக்குக் கோழிய வாங்கிக் குடுத்து இதச் சோதிச்சுப் பாக்க முடியுமாங்க? பாவம் இல்ல?"

"நான் பாவம் இல்லியா?"

செல்வி நோட்டை மூடினாள். குரல் தணிந்தது.

"இது வாணி சொன்னதுங்க. 'அம்மா, எப்பப் பாத்தாலும் என்னையே திட்டற. அப்பாவும் என்ன மாதிரிதான், படத்தப் பாத்தா தின்னும். அதயும் எழுது'ன்னு அழுதுச்சு."

தெய்வசிகாமணி தரையைப் பார்த்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல நிமிர்ந்தார்.

"எல்லாம் சரி. நேத்து நான் அவர செவுத்துப் பக்கம் திருப்பி வெச்சேன். நீ எப்படி வந்து திருப்புன?"

"நேத்தா? நேத்து நான் காலாப்பட்டுல இருந்தேனே."

"வாணி?"

"பள்ளிக்கூடத்துல."

இரண்டு பேரும் மஞ்சள் சட்டை மாமாவைப் பார்த்தார்கள். அவர் இரண்டு பேரையும் பார்த்தார். செல்வி மெல்ல எழுந்து, ஒரு படுக்கை விரிப்பை எடுத்து அவர் தலையில் போட்டு மூடினாள்.

விரிப்பு விழுந்ததும் தெய்வசிகாமணிக்குப் போன தைரியம் திரும்பிவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"இது அக்கிரமம்! எங்க கம்பெனியில ஒரு வாளியச் சோதிக்கணும்னாலும் மூணு பேரு கையெழுத்து போடணும். நான் மனுசன்! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? கையெழுத்து வாங்குனியா? நான் உங்க புரபசர் கிட்டயே கேக்கறேன்!"

"தாராளமாக் கேளுங்க. உங்கள நான் குழந்தைங்க பட்டியல்ல சேத்திருக்கேன். குழந்தைங்களுக்குக் காப்பாளரு கையெழுத்து இருந்தா போதும்."

"எனக்குக் காப்பாளரா? யாருடி அது?"

செல்வி நோட்டுக்குள்ளிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். குழந்தை எண் நாற்பத்தொன்று, தெய்வசிகாமணி. அதற்குக் கீழே காப்பாளர் என்ற இடத்தில், பென்சிலில், கோடு தாண்டாமல் எழுதியிருந்தது: தெ. கலைவாணி, நான்காம் வகுப்பு, 'ஆ' பிரிவு.