நிற்காத சைக்கிளும் பாம்பன் மேடும்

இதை எனக்கு முதலில் சொன்னவள் சத்யப்பிரியா. அன்றைய சைக்கிள் கூட்டத்தில் எல்லாருக்கும் கடைசியாக மிதித்து வந்தவள். ஆகையால் முன்னால் போனவர்கள் காணாததையெல்லாம் கண்டவள்.

இராமநாதபுரத்தில் வலைக்கயிற்றுக் கடை வைத்திருக்கும் நாகேந்திரன் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்திருந்தார். இனி வழியில் எங்கும் நிற்பதில்லை. குறிப்பாக, பாம்பனில் நிற்பதில்லை.

காரணம் சிறியதன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவர்கள் அவருடைய நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர் பாம்பனில் இருந்த அண்ணன் தனுஷ்கோடி. தம் படகின் எஞ்சினை விற்று ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொடுத்தார். எழுத்துமில்லை, சாட்சியுமில்லை. எஞ்சின் போனபின் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். ஒரு நாள் அந்தப் படகு திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்று இல்லை. சான்று இல்லாததால் அரசு உதவியும் இல்லை. அவர் மனைவி முத்தழகு கருவாடு காயவைத்து விற்று வயிறு கழுவினாள்.

நாகேந்திரனுக்கோ அந்தச் சான்று இல்லாதது வசதியாகப் போயிற்று.

"நான் வாங்குனது அண்ணன்கிட்ட. அண்ணன் செத்துட்டான்னு எவன் சொன்னான்? அவனே வரட்டும். அவன் கையிலயே குடுக்குறேன்."

"நான் வேணா கடலுக்குள்ள போயிக் கூட்டிட்டு வரவா?" என்றாள் மனைவி பூமயில்.

"நீ போனேன்னா, அவன் பயந்துபோயி இன்னும் ஆழத்துக்குல்ல போவான்!"

பூமயில் சிரிக்கவில்லை. வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. அவளே எடுத்துக் கொடுத்திருப்பாள். கொடுக்கவும் போனாள். முத்தழகுதான் வாங்கவில்லை. "தம்பி வாயால 'இது அண்ணன் காசு, உங்களுக்குச் சேரணும்'னு சொல்லட்டும் மயிலு. அதுவரைக்கும் நான் ஒத்தப் பைசா தொடமாட்டேன். நான் என்ன பிச்சையா கேக்குறேன்?" என்று அனுப்பிவிட்டாள்.

இந்த நிலையில்தான் மருத்துவர் நாகேந்திரனைச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். வளைகுடா நாட்டிலிருந்து ஊர் திரும்பிய காஜா நவாஸ் ஞாயிறுதோறும் ஒரு கூட்டத்தை இராமேசுவரம் வரை அழைத்துப் போய்வந்தான். நாகேந்திரனும் சேர்ந்தார். சேர்ந்தபிறகுதான் உறைத்தது: சாலைப் பாலத்தை விட்டு இறங்கியதும் சாலையோரத்தில் முதல் வீடு முத்தழகினுடையது.

மூன்று நாள் யோசித்தார். பிறகு மதுரையில் ஒரு கல்லூரி மாணவனிடம் 'ஃபிக்சட் கியர்' சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். அதற்கு ஒரே பல்சக்கரம். பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும்; காலை ஓய்வாக வைத்துக்கொண்டு உருள முடியாது. பிரேக் கிடையாது. பழகியவர்கள் காலாலேயே எதிர்த்து அழுத்தி நிறுத்துவார்களாம். அந்த வித்தையை நாகேந்திரன் கற்றுக்கொள்ள விரும்பவில்லை.

"நெனச்சாலும் நிக்க முடியாது பூமயிலு. வண்டி அப்படி!"

"உங்களுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சிருக்கான்" என்றாள் அவள்.

ஞாயிறு விடியலில் அவளே குனிந்து, அவருடைய பாதங்களைப் பெடலோடு வாரினால் இறுக்கினாள். "கால் நழுவிறக் கூடாதுல்ல." அந்தப் பரிவில் அவர் நெகிழ்ந்துபோனார். நெஞ்சைத் தைத்தபோதுகூட இவ்வளவு இறுக்கித் தைக்கவில்லை.

எங்கள் மாவட்டம் தட்டையானது. தண்ணீரே எந்தப் பக்கம் ஓடலாம் என்று யோசிக்கும் மண். உச்சிப்புளியின் மணல்மேடுகளைத் தாண்டினால், மலை என்று சொல்ல இருப்பது கடலுக்கு மேலே முதுகு வளைத்து நிற்கும் அந்தப் பாலம் ஒன்றே. மண்டபம் பக்கமிருந்து காற்று முதுகில் தள்ள, நாகேந்திரன் ஏறிவிட்டார். இறக்கத்தில் பெடல்கள் அவருடைய கால்களைப் பிடித்துத் தையல் இயந்திரம்போல் சுழற்றின. வாசலில் முத்தழகு எழுந்து நின்றாள்.

"தம்பீ!"

"பிரேக் இல்ல மதினீ!" என்று கூவியபடியே பறந்தார்.

இராமேசுவரத்தில் காஜா நவாஸ் பிடித்து நிறுத்தி வாரை அவிழ்த்துவிட்டதும் ஆறு இட்லி தின்றார். வெற்றிக்கு இரண்டு, பசிக்கு நான்கு.

ஒன்றை மட்டும் மறந்திருந்தார். சமதரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே உரிய மறதி அது: இறங்கி வந்த மேட்டில், திரும்பும்போது ஏறியாக வேண்டும்.

மறுபடி வாரை இறுக்கிக்கொண்டு திரும்பும்போது காற்று எதிரே நின்றது. பாலத்தின் ஏற்றத்தில் மற்றவர்கள் கியரைத் தளர்த்திக்கொண்டு முன்னேறினார்கள். நாகேந்திரனுக்குத் தளர்த்த ஒன்றுமில்லை. சைக்கிள் செக்குமாட்டு நடைக்கு வந்தது. நிறுத்தினால், வாரில் கட்டிய காலோடு சாய்ந்து விழ வேண்டியதுதான். இடப்புறம் கைப்பிடிச் சுவர், அதற்கப்பால் அண்ணனை விழுங்கிய கடல்.

வலப்புறத்தில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே முத்தழகு. பின்சக்கரத்துக்கு அருகில், முதல் பேருந்தில் வந்து இறங்கியிருந்த பூமயில். இருவரும் கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல் நிதானமாக நடந்து வந்தார்கள்.

"நல்லா இருக்கீகளா தம்பி?"

"மதினி... மூச்சு... வாங்குது... அப்புறம்..."

"பேசிக்கிட்டே மிதிக்கிற அளவுக்குத்தான் மிதிக்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்றாள் பூமயில். "பேசுங்க."

"அண்ணன்... வரட்டும்..."

"எங்கேருந்து தம்பி? இந்தா, கீழ பாருங்க. இங்கேருந்தா?"

அவர் பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். பச்சைத் தண்ணீர், மிகக் கீழே, எதுவும் தெரியாததுபோல் அசைந்துகொண்டிருந்தது. தைத்த நெஞ்சு தடதடவென்று அடித்தது. அந்த அடிப்பு ஒவ்வொன்றும் ஓர் எஞ்சினின் விலை என்பது, ஏனோ, அந்த மேட்டில்தான் அவருக்குப் புரிந்தது.

உச்சியில் ரயில் பாலத்தைப் பார்க்க நின்ற சுற்றுலாக் கூட்டம் ரயிலை விட்டுவிட்டு இவரைப் பார்த்தது. காஜா நவாஸ் ஓடிவந்து இருக்கையைப் பிடித்துக்கொண்டான். சைக்கிள் நின்றது.

"அண்ணன் இல்ல மதினி" என்றார் நாகேந்திரன். "இனி வரமாட்டான். என்னைப் பொழைக்க வச்சிட்டுத்தான் போனான். அது அவன் காசு. உங்களுக்குத்தான் சேரணும்."

முத்தழகு குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். தன் கணவன் இறந்துவிட்டான் என்று சொந்தத்தில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. வெகுநேரம் குடை மட்டும் குலுங்கியது.

பிறகு பூமயில் பையைத் திறந்து கட்டுகளை எடுத்தாள்.

"இத எப்ப எடுத்தடீ?"

"வெள்ளிக்கிழமையே பேங்குல எடுத்துட்டேன். நீங்க சைக்கிளுக்கு அழுத காசு மட்டுந்தான் கொறஞ்சுச்சு."

காஜா நவாஸ் தன் பணப்பையைத் திறந்தான். "கோவிச்சுக்காதீகண்ணே. சைக்கிள நான் எடுத்துக்கிறேன். அக்கா முந்தாநாளே வெல பேசிட்டாக."

நாகேந்திரன் கால்களைப் பார்த்தார். பூமயில் எப்போதோ வாரை அவிழ்த்திருந்தாள். "அப்ப நான் எதுலடி ஊருக்குப் போறது?"

"என்கூட பஸ்ஸுல வாங்க. அதுக்குப் பிரேக் இருக்கு."

முத்தழகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றில் ஒரு தாளும் பறந்துவிடாமல் முந்தானைக்குள் வைத்து எண்ணினாள். சரியாக இருந்தது: ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.