வசனம் சாரின் ஆட்சேபணை

பிறர் கல்யாணத்துக்கு வேதத்தில் இடம் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்வதற்கென்றே பிறந்த ஓர் இனம் இருக்கிறது. சபை என்று ஒன்று எங்கே கூடினாலும் அங்கே இவரும் இருப்பார். கையில் பைபிள், அதற்குள் நாலு நிறத்தில் நாடா, சட்டைப்பையில் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமாக ஒரு பென்சில். ஒரு பையனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள் என்றால் நீங்களும் நானும் பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்போம். இவர், "ரெண்டு பேருக்கும் ஒரே விசுவாசம்தானே?" என்று கேட்பார். யாரோ பிரிந்துவிட்டார்கள் என்றால் நாம் ஐயோ பாவம் என்போம். இவர், "எந்தக் காரணத்துக்காக?" என்பார். காரணத்தைப் பொறுத்து அவர் புரட்டுகிற அதிகாரம் மாறும். அழுதுகொண்டிருக்கிறவளிடமே கூட இதைக் கேட்டுவிடுவார். கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்வம், அவ்வளவுதான்.

இனத்தைப் பொதுவாகச் சொன்னால் பிடிபடாது. நமக்குக் கிடைத்திருக்கிற ஒருவரைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். சபையில் அவரை வசனம் சார் என்று கூப்பிடுவார்கள். பிழைப்பு, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த பிரேக்கில் காலை வைத்தபடி அவர் கல்யாணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஓட்டுகிறவர் எங்கே போக முடியும்? கதவைத் திறந்து குதிக்கவா முடியும்? ஒரு பல் டாக்டரம்மா, பாவம், இரண்டு பீப்பாய்களுக்கு நடுவில் வண்டியைப் பின்னால் எடுக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, "முதல் மனுஷனுக்கு ஏன் ஒரே ஒரு மனைவி? யோசிச்சுப் பாருங்க டாக்டர். கிளட்ச், கிளட்ச்" என்றார். டாக்டரம்மா யோசிக்கவில்லை. பீப்பாய்தான் யோசனையில்லாமல் நசுங்கியது. அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள். இரண்டாம் தடவை அந்த வண்டியில் ஏற யாருக்குத் தெம்பு இருக்கிறது? அவரோ அதைத் தன் பயிற்சியின் பெருமையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் வாரநாள் விஷயம். அவருடைய உண்மையான வாழ்க்கை புதன்கிழமை மாலை ஆறரைக்கு, ஆலயத்தின் பின்னறையில் நடந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆணியில் தொங்கும் ஞானஸ்நான அங்கிகள், பாடகர் குழுவின் உடைந்த மைக், பத்து நிமிடம் பின்தங்கி ஓடும் கடிகாரம். எதிரில் மருந்துக்கடைக்காரர். வசனம் சார் கூடாது என்றால் அவர் கூடும் என்பார். கூடும் என்று சொல்லிப் பார்த்தால் கூடாது என்பார். இருவருக்கும் பதினோரு வருடப் பழக்கம். கோபமே வராது. ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் மற்றவருக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்காது. சபையில் நிச்சயமான ஒரு ஜோடி கல்யாணத்துக்கு முன் கைகோத்து நடக்கலாமா என்று ஐந்து வருடத்துக்கு முன் ஒரு விவாதம் தொடங்கினார்கள். அந்த ஜோடியின் இரண்டாவது பிள்ளைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. விவாதம் இன்னும் சுண்டுவிரலைத் தாண்டவில்லை. பைபிளுக்குள்ளேயே காதலும் முத்தமுமாக இருக்கிற அந்தப் பாட்டுப் புத்தகத்தைப் பற்றி மருந்துக்கடைக்காரர் எப்போதாவது வாயெடுத்தால் மட்டும் வசனம் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அதெல்லாம் ஆவிக்குரிய அர்த்தம் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தப் போய்விடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அவருடைய மச்சினி விஷயம் வந்தது.

மனைவியின் தங்கை. ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டிய கணவன் இவளை விட்டுவிட்டு வேறு ஒருத்தியோடு போய், கோர்ட்டில் முறைப்படி விவாகரத்தும் வாங்கி, அங்கே குழந்தை குட்டி என்று ஆகிவிட்டான். இவள் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து ஆறு வருடம். வசனம் சார் அவளைப் பாரமாக நினைத்ததே இல்லை. வீட்டில் ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார், ஆஸ்பத்திரி வேலைக்கு நாலு பேரிடம் சொல்லி வைத்தார், மழை பெய்தால் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்பார். நல்ல மனிதர்தான். சிக்கல் எங்கே என்றால், மனைவியை இழந்த ஓவிய ஆசிரியர் ஒருவர் இவளைக் கட்டிக்கொள்ள விரும்பினார். இவளும் சரி என்றாள். கணவன் உயிரோடிருக்க மறுமணம் கூடாது என்று பின்னறையில் பதினோரு வருடமாகச் சாதித்து வந்தவர் வீட்டிலேயே இப்படி.

போதகர் சாது. சபையில் யாருக்கும் மனக்குறை இருக்கக்கூடாது, புதன்கிழமை கூட்டத்தில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று அவர் சொன்னதுதான் தவறு. நெருப்பை அணைக்கச் சொல்லி எண்ணெய்க் கடைக்காரரிடம் கொடுத்த மாதிரி ஆயிற்று. முதல் வாரம் மோசேயின் தள்ளுதற்சீட்டு, அதாவது மனைவியை விலக்க எழுதிக் கொடுக்கும் சீட்டு. இரண்டாம் வாரம், துரோகம் நடந்திருந்தால் விதிவிலக்கு உண்டா என்பது. மூன்றாம் வாரம், விதிவிலக்கு விலகுவதற்கு மட்டுமா, மறுபடி கட்டுவதற்குமா என்பது. நாலாம் வாரம் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்துக்குள் போனார்கள், ஏழாம் வாரம் வரை திரும்பி வரவில்லை. எட்டாம் வாரம் ஒரே ஒரு கிரேக்கச் சொல். வசனம் சார் இரவு பகலாகக் குறிப்பெடுத்தார். முகத்தில் ஒரு களை வந்திருந்தது. அந்த வீட்டில் அந்த வாரங்களில் மச்சினி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதை அவர் கவனிக்கவில்லை. டியூட்டி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பதாம் வாரம் போதகருக்கே அலுத்துவிட்டது. அவர் வசனம் சாரின் மனைவியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சபை முறைப்படி மூன்று ஞாயிறு தொடர்ந்து ஓலை வாசித்துவிடுகிறேன், இன்னாரும் இன்னாரும் திருமணம் செய்யப்போகிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று. யாரும் சொல்லாவிட்டால் கல்யாணம். ஒருவர் எழுந்து சொல்லிவிட்டாலும் மேலிடத்துக்கு எழுதியாக வேண்டும், பதில் வர வருடக்கணக்காகும். "யாரு எந்திரிப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். இத்தனை வருடம் ஒருவரோடு குடும்பம் நடத்தினால் அவருடைய பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாதா?

முதல் ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் அவள் வாசலில் மருந்துக்கடைக்காரரை நிறுத்தி, யாக்கோபுக்கு அக்காவையும் தங்கையையும் கட்டிவைத்தது தவறில்லை என்று எங்க வீட்டுக்காரர் சொல்கிறாரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் நேராகப் பின்வரிசைக்குப் போய் வசனம் சார் பக்கத்தில் உட்கார்ந்தார். யாக்கோபு முடிவதற்குள் ஓலை வாசித்து முடிந்துவிட்டது. இரண்டாம் ஞாயிறு, பரலோகத்தில் பழைய மனைவியை அடையாளம் தெரியுமா என்று கேட்டுவிட்டாள். அன்று காணிக்கைத் தட்டு அவர்களைத் தாண்டிப் போனதே இருவருக்கும் தெரியாது. சபையார் இரண்டு வாரமும் பின்வரிசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் கடைசி வாரத்துக்காகக் காத்திருக்கிறார் என்று எல்லோரும் தமக்குள் முடிவு செய்துகொண்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு போவாசு. ரூத்தைக் கட்டுமுன் போவாசுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தாளா?

போதகர் தாளை எடுத்தார். பெயர்களை வாசித்தார். இது மூன்றாம் முறை, ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம் என்று சொல்லிவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்தினார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இருநூறு தலைகள் பின்வரிசைப் பக்கம் திரும்பின. அந்த அமைதியில்தான் வசனம் சாரின் குரல் எழுந்தது. "அந்த வயசுல, அவ்வளவு நிலபுலத்தை வெச்சுக்கிட்டு, வீட்ல ஒரு பொம்பள இல்லாம இருந்திருப்பாரா பிரதர்?"

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் சபை முழுதும் தன்னையே பார்க்கிறது. அவருக்கு உயிர் போய்விட்டது. ஆராதனை நேரத்தில் சத்தமாகப் பேசிவிட்டோமே. பாதி எழுந்தார். முன்னால் மச்சினி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் அக்காவின் வளையல் நெளிந்தது. வசனம் சார் நெஞ்சில் கையை வைத்து, தலையை அசைத்து, ஒன்றுமில்லை, நீங்கள் நடத்துங்கள் என்பதுபோல் போதகரைப் பார்த்துக் கையால் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

போதகர் தாளை மடித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

வெளியே வந்தால் ஒரே கைகுலுக்கல். ஓய்வுபெற்ற தபால் அதிகாரியம்மா, "உங்களுக்கு இவ்வளவு பெரிய மனசு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல" என்றாள். ஆராதனையில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டது இவர்களுக்கு இவ்வளவு பிடித்துவிட்டதா என்று அவருக்கு ஆச்சரியம். இனி அடிக்கடி கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டார். ஓவிய ஆசிரியர் வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். பாவம், இவருக்கும் புதன்கிழமைக் கூட்டத்தில் சேர ஆசை போலிருக்கிறது என்று வசனம் சார் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் உடைந்தது. மச்சினி அவருக்குப் பரிமாறிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல அத்தான். இன்னைக்கு நீங்க எந்திரிச்சப்போ எல்லாம் முடிஞ்சுதுன்னுதான் நினைச்சேன். நீங்க உக்காந்துட்டீங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்ப உள்ளே போய்விட்டாள். வசனம் சார் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்திருந்தார். மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக விளங்கியது. யாக்கோபு, பரலோகம், போவாசு. மனைவியைப் பார்த்தார். அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஓலை வாசிச்சத நீங்க கேக்கலன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான்தான் கேக்க விடல."

அவர் பார்வை ஃபிரிட்ஜின் மேலிருந்த செல்போனுக்குப் போனது. பக்கத்தில் ஒன்பது வாரக் குறிப்பு, கிரேக்கச் சொல்லோடு. இப்போது கூப்பிட்டாலும் போதகர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பதினோரு வருட நியாயம் அவர் தொண்டை வரை வந்து நின்றது.

"போன் பண்ணணும்னா பண்ணுங்க, நான் தடுக்கல" என்றாள் மனைவி. "ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணுங்க. ஒம்பது வாரமா அவளைப் பத்தித்தான் பேசினீங்க. ஒருத்தரும் அவகிட்ட பேசல."

வசனம் சார் கையைக் கழுவிவிட்டு மச்சினியின் அறை வாசலில் போய் நின்றார். மச்சினி கட்டிலில் உட்கார்ந்து வெள்ளை ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆலோசித்துப் பார்த்தால் வசனம் இல்லாமல் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

"அவரு நல்லவராம்மா?"

அவள் நாடாவை விட்டுவிட்டு யோசித்தாள். "அவர்கிட்ட என் கதையச் சொன்னப்போ, ஏன் விட்டுட்டுப் போனான்னு கேக்கல அத்தான். சாப்பிட்டியான்னு கேட்டாரு."

ஆறு வருடத்துக்கு முன் அவள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது தான் முதலில் என்ன கேட்டோம் என்று வசனம் சாருக்கு நன்றாக நினைவிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. கார் சாவியை எடுத்துக்கொண்டு, வா, விட்டுட்டு வரேன் என்று மட்டும் சொன்னார். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த வண்டியில் அப்படி ஒரு பயணம் அதற்கு முன் நடந்ததில்லை. போதகருக்குப் போன் போகவும் இல்லை.

கல்யாணத்தன்று தகப்பன் ஸ்தானத்தில் நின்று அவளைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார் என்று போதகர் கேட்டதற்கு, "நான்" என்றார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு அது.

அதற்காக அவர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனம் திருந்தாது. அடுத்த புதன்கிழமை, ஆபிரகாம் தன் மனைவியைத் தங்கை என்று சொன்னது பொய்யா பாதிப் பொய்யா என்று இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவரை விடுங்கள். இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டு படித்தீர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மறைக்காமல் சொல்லுங்கள். எல்லாம் சரி, வேதத்தின்படி அவள் மறுமணம் செய்யலாமா கூடாதா, அதைக் கதை சொல்கிற இந்த ஆள் கடைசி வரை சொல்லாமல் நழுவிவிட்டானே என்று உங்கள் மனதில் ஒரு சின்ன உறுத்தல் இருக்கிறதா? ஓர் அதிகார எண் கூட நினைவுக்கு வந்ததா? அவள் இப்போது சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்க வேண்டும் என்று அதற்கு முன்னால் தோன்றியதா, பின்னால் தோன்றியதா, அல்லது நான் சொல்லித்தான் தோன்றுகிறதா?

சந்தோஷமாக இருக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.