அப்பாவின் படகும் எட்டாம் நாள் தண்ணீரும்

அநியாயத்துக்கு ஆளானவர் என் அம்மா பிரிசில்லா. இழைத்தவர் என் அப்பா தேவசகாயம். குற்றம்: எட்டு நாளுக்கு ஒருமுறை குழாய்த்தண்ணீர் வரும் எங்கள் ஆம்பூர்த் தெருவில், வீட்டிலிருந்த இரண்டு நீல டிரம்களையும் காயலான்கடையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஓர் ஓட்டைப் படகை வாங்கி வந்தது.

ஆமாம், படகு. அலுமினியம். பன்னிரண்டடி. ஏதோ அணையில் மீன் பிடித்து ஓய்ந்துபோனது. டிரம் இருந்த இடத்தில் ஜம்மென்று படுத்துக்கொண்டது.

"அப்பா, பாலாத்துல மணலே இல்ல. தண்ணிக்கு எங்க போவ?"

"மழை வந்தப்புறமா குடை வாங்குவாங்க? ஆறு வரும்போது படகு ரெடியா இருக்கணும்."

நான் எம்.ஏ. பொருளாதாரம். ஏழு ஆட்சேபணைகளை வரிசையாக எடுத்து வைத்தேன். மூன்றாவதிலேயே அப்பா தூங்கிவிட்டார்.

அம்மாவைக் கிளப்பிவிட்டேன். "கேளும்மா! டிரம் உன்னோடது. சண்டை போடு!"

"பாக்கலாம்" என்றாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை முடித்து வந்து, குடத்திலும் குண்டானிலும் தண்ணீர் பிடித்தாள். ரத்தம் கொதித்தது எனக்கு மட்டும்தான்.

அப்பா தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் செக்‌ஷன். முப்பது வருஷம். அவருக்கு உலகத்தில் எல்லாமே தோல்தான். படகைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"முதுகுப்பக்கம் நல்ல கெட்டி. வயித்துப்பக்கந்தான் தொளதொளன்னு இருக்கு. இதோ பாரு, உண்ணி கடிச்ச தழும்பு."

"அது கல்லு கீறினதுப்பா."

"மாட்ட நீ பாத்தியா?"

"நீ பாத்தியா?"

அப்பா உப்புத்தாளை எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் தேய்த்தார். ஒடுக்கெடுத்தார். பிறகு வெளிப்பக்கம் முழுக்க ஷூத்தோல் பழுப்பில் மூன்று கோட் ஸ்ப்ரே. அதன்மேல் பளபளப்பு. பக்கத்து வீட்டு இஷ்தியாக் அகமது சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"பிரமாதம் தேவா! எடது காலுக்கு எப்ப?"

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. அப்போதுதான் அம்மா முதல்முறையாகப் படகைப் பற்றி வாய் திறந்தாள்.

"அவரு கெடக்கறாருங்க. இது ஒழுகுமா, ஒழுகாதா?"

"ஒரு சொட்டு ஒழுகாது!"

"ஆத்துல போடாம எப்டித் தெரியும்?"

"உள்ள தண்ணி ரொப்பிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது."

"அப்டியா? நாளைக்கிக் குழா வருது" என்றாள், பச்சைப்பிள்ளை மாதிரி.

ரொப்பினார்கள். பதினோரு இடத்தில் ஒழுகியது. அப்பா ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டு, ரிவெட்டை அடித்து இறுக்கி, பசை அடைத்தார். எட்டு நாள் கழித்து மறுபடி ரொப்பினார்கள். நாலு.

"பரவால்லங்க, நல்லாவே கம்மியாயிடுச்சு."

"நீயும் ஜால்ரா போடறியாம்மா?" என்று கத்தினேன். பெண்ணினத்துக்கே துரோகம் என்றும் சொன்னேன். "குழா மோட்டார நிறுத்து" என்றாள்.

மூன்றாவது முறை, விளிம்பு வரை தண்ணீர். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. இஷ்தியாக் அகமதுவே கைதட்டினார். அப்பா படகைச் சுற்றி மூன்று முறை நடந்தார். "பாத்துக்கோ! இனிமே பாலாறு வர வேண்டியதுதான் பாக்கி!" தண்ணீரைக் கவிழ்க்க லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

அம்மா அழுக்குத்துணி மூட்டையோடு வந்தாள். படகோரமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மக்கை எடுத்து உள்ளே முக்கினாள்.

"ஏய், இன்னா பண்ற? கவுக்கணும், தள்ளு!"

"எட்டு நாளு தண்ணிங்க. கவுத்துடுவீங்களா?"

அப்பா குனிந்தபடியே நின்றார். அந்த மூளைக்குள் ஏதோ மெல்ல மெல்ல நிரம்புவது எனக்கே தெரிந்தது.

"பிரிசி, இது படகு! எப்பதான் எனக்குத் தருவ?"

அம்மா சட்டைக் காலருக்குச் சோப்புப் போட்டபடி சொன்னாள்:

"பாலாத்துல தண்ணி வரட்டும். அன்னிக்கி எனக்கு எதுக்குங்க இது? எடுத்துக்கோங்க."