தள்ளிக்கொண்டு போனால் தப்பில்லை

போனை வைத்த பிறகுதான் மருந்துக்கடைக்காரருக்கு உறைத்தது. இன்சூரன்ஸ் கம்பெனிப் பெண் நல்ல சுறுசுறுப்பு. கேட்ட மாத்திரத்தில் பழைய காரின் பாலிசியைப் புதிய காருக்கு மாற்றிவிட்டாள். "இந்த நிமிஷத்துலேர்ந்து அமல் சார்" என்றும் சொல்லிவிட்டாள். ஆனால் புதிய கார் இன்னும் ஷோரூமில்தான் இருந்தது. பழைய கார், நாதியற்று, அவருடைய கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

தெருவில் அவருக்கு 'எக்ஸ்பயரி' என்று பெயர். தலைவலி மாத்திரை கேட்டால்கூட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தேதியைச் சரிபார்க்காமல் கொடுக்க மாட்டார். அப்படிப்பட்டவரின் வாசலில் தேதி முடிந்த கார்.

வெளியூரில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியிருந்தது. மறுநாள் விடிந்ததும் அவரும் மனைவியும் புறப்பட வேண்டும். பழைய வண்டி மேட்டைக் கண்டாலே மூச்சு வாங்கும். அதை நம்பி அவ்வளவு தூரம் போக முடியாது என்றுதான் இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்துப் புதிது வாங்கினார். பழையதை ஒரு டிரைவிங் ஸ்கூல்காரருக்கு விற்றாகிவிட்டது. கையெழுத்தெல்லாம் முடிந்தது, மாலையில் வந்து ஓட்டிக்கொண்டு போவதாக அவர் சொல்லியிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் மறுபடியும் போன் செய்தார். மாற்றியதைத் திருப்பிப் போட முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு ஆள் வந்து வண்டியைப் பார்க்க வேண்டும், நாளைக்கு அனுப்புகிறேன் என்றாள் அந்தப் பெண். அதுவரைக்கும் என்ன செய்வது என்று கேட்டார்.

"ஓட்டாம இருங்க சார். அது போதும்."

அதிலென்ன கஷ்டம் என்று அவர் நினைத்து முடிப்பதற்குள் மருந்து லாரி வந்து நின்றது. காரை எடுத்தால்தான் லாரியை வாசலுக்குக் கொண்டுவர முடியும். எடுக்க முடியாத காரணத்தை அவர் ஆதியோடந்தமாக விளக்கினார். லாரி டிரைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே ஊசி மருந்து இருக்கிறது, வெயிலில் கெட்டுப்போனால் தன்னைக் கேட்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். மருந்து கெடும் என்ற வார்த்தையைக் கேட்டதும் மருந்துக்கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

பக்கத்துக் கடைத் தையல்காரர்தான் வழி சொன்னார்.

"ஓட்டினாத்தானே அண்ணே தப்பு? தள்ளிக்கிட்டுப் போனா அது வெறும் சாமான். பீரோவைத் தள்றதுக்கு யாராவது இன்சூரன்ஸ் எடுப்பாங்களா?"

சட்டமே வாய் திறந்து பேசியதுபோல் இருந்தது அவருக்கு. வீடும் அதே தெருவில்தான், இறக்கத்தின் அடியில்; அங்கே கொண்டுபோய் நிறுத்திவிடலாம். தையல்காரரும் லாரி டிரைவரும் பின்னால் கை கொடுத்தார்கள். உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்கச் சொன்னதற்கு மட்டும் அவர் இணங்கவில்லை. ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தால் டிரைவர் ஆகிவிடுவோமே. ஜன்னல் வழியாகக் கையை விட்டுப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தார்.

கொஞ்ச தூரத்திலேயே தள்ளியவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. கார் தானாக நடந்தது. பிறகு ஓடியது. வாங்கிய நாளிலிருந்து அது அவ்வளவு வேகமாகப் போய் அவர் பார்த்ததில்லை. கூடவே ஓடியவர் ஒரு செருப்பை இழந்தார். அடுத்து ஸ்டீயரிங்கை இழந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தானா ஷோரூம் ஆள் புதிய காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்த வேண்டும்? வாசற்படியில் நின்று மருந்துக்கடைக்காரரின் மனைவியிடம் சாவியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய கார் நேராகப் போய்ப் புதிய காரின் முகத்தில் முட்டி நின்றது.

பழையதற்குப் பம்பரில் ஒரு நசுக்கல், அவ்வளவுதான். புதியதற்கு முகமே இல்லை. உள்ளேயிருந்த தண்ணீரெல்லாம் தெருவோடு ஓடியது. மனைவி காரைப் பார்த்தாள், கையிலிருந்த சாவியைப் பார்த்தாள், ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தவரைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மூன்றாம் முறை போன் செய்தார். அதே பெண் வருத்தப்பட்டாள். அவர் வைத்திருந்தது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டும் பணம் தரும் பாலிசி. அதைத்தான் மாற்றியிருந்தாள். புதிய கார் யாரையாவது இடித்திருந்தால் கம்பெனி கொடுக்கும். இடிபட்டால் இடித்த வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

"இடிச்ச வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா சார்?"

"இல்லம்மா. காலைல நீதான் எடுத்துட்டியே."

அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அப்ப உங்களுக்குள்ளயே பேசிச் சமாதானமாப் போயிடுங்க சார்."

மகள் போன் செய்து கார் வந்துவிட்டதா என்று கேட்டாள். "வந்துருச்சும்மா" என்று சொல்லி மனைவி வைத்துவிட்டாள். பிறகு உள்ளே போய், பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்குப் பெட்டியைக் குறைக்க ஆரம்பித்தாள். குழந்தைக்கென்று வாங்கிய மெத்தையை முதலில் எடுத்து வெளியே வைத்தாள். அதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர் வாசற்படியில் போய் உட்கார்ந்தார். ஆயுசு முழுக்க ஜாக்கிரதையாக இருந்து என்ன கண்டோம் என்று தோன்றியது.

மாலையில் டிரைவிங் ஸ்கூல்காரர் வந்தார். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்ற கார்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். மருந்துக்கடைக்காரர் லாரி, ஊசி மருந்து, பீரோ என்று ஒன்று விடாமல் சொன்னார். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டக் கூடாது என்பதற்காக, ஒரு ஆளைக்கூட உள்ளே உட்கார விடாமல் தள்ளிக்கொண்டு வந்ததையும் சொன்னார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் தலையைச் சொறிந்தார்.

"முந்தாநேத்தே என் பேருக்கு மாத்தி இன்சூரன்ஸ் எடுத்துட்டேனே சார், ஸ்கூல் வண்டிங்கிறதால ஓட்டவே தெரியாதவன் ஓட்டி உங்க கார்ல இடிச்சிருந்தாக்கூட முழுப் பணமும் வந்திருக்கும், ஆளே இல்லாம ஓடினா மட்டும்தான் தர மாட்டாங்க."