தனிமையில் பத்துக்குப் பத்து

தியாகம் என்றால் என்னவென்று உலகத்துக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. சிறைக்குப் போனவர்களையும் பட்டினி கிடந்தவர்களையும் கூப்பிட்டு மாலை போட்டு அனுப்பிவிடுகிறது. பெற்ற தாயைப் பதினாறு நாள் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு நாளைக்கூட ஊழியத்திலிருந்து எடுத்துத் தாய்க்குக் கொடுக்காத ஒருவன் இருந்தான் என்பதை வரலாறு கவனிக்கவேயில்லை. தன்னடக்கம் கருதி அவன் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவன் நான்தான்.

நான் கடல் கடந்து வந்திருக்கும் திருச்சபை ஊழியன். எங்கள் நிலையத்தின் முழுப்பெயர் 'புலம்பெயர் முதியோர் தனிமைத் துயர் துடைப்பு ஊழிய நிலையம்'. நிலையம் என்பது எங்கள் வீடுதான்; பெயர்ப்பலகை வாசலைவிட அகலம் என்பதால் அதைக் கூடத்துக்குள் சாய்த்து வைத்திருக்கிறோம். அந்நிய நாட்டில் நம் மொழி பேசும் முதியவர்கள், பிள்ளைகள் எட்டிப் பார்க்காமல் நான்கு சுவருக்குள் வாடுகிறார்கள் என்று தலைமையகத்துக்கு ஒரு 'தரிசனம்' கிடைத்தது. துயரைத் துடைக்க என்னை அனுப்பினார்கள். நானும் நான்கு வருடமாகத் துணியும் கையுமாக நிற்கிறேன். துயர்தான் அகப்படவில்லை.

இந்த ஊரில் நம் மொழி பேசும் முதியவர்கள் மொத்தம் பதினோரு பேர். ஒருவருக்காவது தனிமையாக இருக்க நேரம் வேண்டுமே! மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநருக்குக் காலையில் நீச்சல், மாலையில் சதுரங்கம். கதவைத் தட்டினால், "தம்பி, இந்த வாரம் முடியாது. அடுத்த மாசம் மூணாந்தேதி பதினொண்ணேகாலுக்கு வாங்க, ஒரு அரை மணி நேரம் தனியா இருப்பேன்" என்கிறார். எதிர்த் தெருவில் மகன், மருமகள், நான்கு பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைத் தனியா விடச்சொல்லி ஏதாவது ஊழியம் இருந்தா சொல்லுங்க, நான் முதல்ல வந்து சேர்றேன்" என்று கெஞ்சினார். அப்படி ஒரு பிரிவு எங்களிடம் இல்லை.

இந்நிலையில்தான் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அரையாண்டு முடிவதற்குள் 'படிவம் ஏழு – கடும் தனிமை' வகுப்பில் ஒருவரையாவது பதிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிலையம் மூடப்படும். ஊழியர் தாயகத்துக்குத் திருப்பி அழைக்கப்படுவார். நேரில் பார்வையிட மேற்பார்வையாளர் ஐயா வருகிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊருக்குத் திரும்பிப் போவதா? போய் என்ன செய்வது? அங்கே எனக்கு யாரைத் தெரியும், அம்மாவைத் தவிர?

அதே வாரம் அந்த அம்மாவே வந்து இறங்கினார்.

கூட வந்தவள் என் அக்கா. வேறு ஊரில் தையற்கடை வைத்திருப்பவள். கத்தரிக்கோலைக் கடையில் விட்டுவிட்டு வந்தாலும் வாயைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். விமான நிலையத்தில் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முட்டி இரண்டும் ஒத்துழைப்பதில்லை. மடியில் ஒரு தலையணை. ஊரார் தலையணையில் அம்மாவுக்குத் தூக்கம் வராது. கையில் மருந்துக்கடைக் கவர் ஒன்று. அதன் பின்பக்கம் பொடிப்பொடியாக எழுதி, ஒன்று முதல் பதினேழு வரை எண் போட்டிருந்தார்.

"என்னம்மா இது?"

"உன்கிட்டச் சொல்ல வேண்டியது. மறந்துடும்னு எழுதிவெச்சேன்."

"குடுங்க, படிச்சுக்கறேன்."

"படிக்கறதுக்கு இல்லடா, பேசறதுக்கு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்கூட உக்காரு. காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும். வேற எதுவும் வேணாம். இன்னொரு தடவை இவ்ளோ தூரம் வர இந்த முட்டி விடாது."

"ஒரு நாள்தானேம்மா? வியாழக்கிழமை வெச்சுக்கலாம்" என்றேன். எந்த வியாழக்கிழமை என்று சொல்லவில்லை. ஊழியன் வாக்குக் கொடுக்கும்போது ஆண்டவருக்கும் கொஞ்சம் இடம் விட்டுவைக்க வேண்டும்.

குடும்பத்தார் வருகையை நான் மிக முறையாகக் கையாண்டேன். 'விருந்தினர் பராமரிப்புக் கால அட்டவணை' ஒன்றைத் தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். காலை ஆறு முதல் ஆறு பத்து வரை 'தாய் – மகன் ஐக்கியம்'. அம்மாவும் ஐந்தேமுக்காலுக்கே தலைவாரி, கவரோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"ஒண்ணு. நம்ம வீட்டுப் பின்பக்கச் சுவர்ல விரிசல் விட்டிருந்துச்சில்ல..."

"சுருக்கமாச் சொல்லுங்கம்மா."

"சுவர் எப்படிடா சுருக்கமா விரிசல் விடும்? முதல்ல ஒரு கோடு மாதிரி..."

ஆறு பத்து ஆகிவிடும். முதல் நான்கு நாளும் சுவரிலேயே போயின. ஐந்தாம் நாள் சுவரைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டாவது விஷயத்துக்குள் நுழைந்தோம்.

முதல் வியாழக்கிழமை வந்தது. அன்று பார்த்துத் தலைமையகத்தின் இணையவழிப் பயிற்சி. தலைப்பு: 'முதியோர் பேசும்போது இடைமறிக்காமல் செவிகொடுப்பது எப்படி?' நான்கு மணி நேரம். அடுத்த அறையிலிருந்து அம்மா இரண்டு முறை எட்டிப் பார்த்தார். இடைமறிக்க வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினேன். பயிற்சியில் எனக்கு முதலிடம், சான்றிதழ்கூட வந்தது. அதை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்றார்.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "டேய், உங்க ஆபீஸ்ல அம்மாவப் பாக்கறதுக்குப் பர்மிஷன் வாங்கணுமா? எங்க எழுதிக் குடுக்கணும், சொல்லு, நானே எழுதறேன்."

"அக்கா, இது ஆபீஸ் இல்ல. ஊழியம்."

"ஆபீஸா இருந்தா லீவாவது இருக்கும்."

உலக ஞானம் அப்படித்தான் பேசும். நான் அவளுக்காக ஜெபித்தேன், மனசுக்குள்.

இரண்டாவது வியாழக்கிழமைதான் மேற்பார்வையாளர் ஐயா வருகிற நாள். சனிக்கிழமை அம்மாவுக்கு விமானம். புதன்கிழமை மதியம்வரை படிவம் ஏழு வெறுமையாகக் கிடந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அம்மா, கவரை நீவியபடி, எனக்கு நேரம் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குள் வெளிச்சம் அடித்தது.

"அம்மா, ஒரு பத்துக் கேள்வி கேக்கறேன். பதில் சொல்றீங்களா?"

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கேளுடா. எத்தனை வேணா கேளு."

"உங்க முழுப் பேர்?"

"தெரியாதாடா?"

"படிவத்துல நீங்கதான் சொல்லணும்."

சொன்னார். வயது சொன்னார். துணைவர் இருக்கிறாரா? இல்லை, போய்ச் சேர்ந்து ஆறு வருடம். வீட்டில் உடனிருப்பவர்? யாருமில்லை. கடல் கடந்த பிள்ளைகள்? ஒருவன். அவன் எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பேசுகிறான்?

"மாசத்துக்கு ஒரு தடவை. ஞாயித்துக்கிழமை, ரெண்டு ஆராதனைக்கு நடுவுல."

"எவ்ளோ நேரம்?"

"நாலு நிமிஷம். ஒரு தடவை ஆறு நிமிஷம் பேசினான். அன்னிக்கு ஏதோ கரண்ட் போயிடுச்சுன்னு சொன்னான்."

எழுத எழுத எனக்குப் புல்லரித்தது. ஒவ்வொரு கட்டமும் அம்மாவுக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. கூட்டிப் பார்த்தேன். தனிமை அளவுகோலில் பத்துக்குப் பத்து! எங்கள் ஊழியத்தின் வரலாற்றிலேயே ஏழரையைத் தாண்டியவர் கிடையாது. அம்மாவை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள் அது.

என் மனைவி, நிலையத்தின் செயலாளரும் பெருக்கித் துடைப்பவரும் அவள்தான், என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "என்னங்க பண்றீங்க? அத்தையைப் போய் அநாதை மாதிரி காட்டப்போறீங்களா? பொய் இல்லையா இது?"

"எதும்மா பொய்? ஒரு வரி காட்டு."

படிவத்தை வாங்கி மேலிருந்து கீழாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு, பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவத் தொடங்கினாள்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு ஒரு பெரிய ஐயா வருவார். என்னை மகன் என்று சொல்ல வேண்டாம். 'ஊழியர் தம்பி' என்றால் போதும்.

"அப்படிச் சொல்லலன்னா என்ன ஆகும்?"

"நிலையத்தை மூடிடுவாங்கம்மா. என்னை ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்க."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஊருக்கா? நம்ம ஊருக்கா?"

"ஆமாம்மா. மானமே போயிடும்."

கவரை நான்காக மடித்தார். பிறகு பிரித்தார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையை அழுத்தினார்.

"நான் அப்படி உக்காந்தா உன் வேலை போகாதாடா?"

"போகாதும்மா."

"அப்ப உக்கார்றேன். ஆனா நாளைக்கு வியாழக்கிழமை இல்ல?"

"அடடா" என்றேன்.

மேற்பார்வையாளர் ஐயா பருமனானவர். சட்டைப்பையில் நான்கு பேனா. அம்மா எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறார் என்று அறிந்ததும் என் தோளைத் தட்டினார். "நிலையத்துலயே தங்கவெச்சிருக்கீங்களா, பிரதர்! யாரையோ பெத்த தாயை! இந்த மனசு யாருக்கு வரும்?"

நான் தலைகுனிந்து, யாருக்கும் வராது என்று ஒப்புக்கொண்டேன்.

ஐயா நாற்காலியை அம்மாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைபேசியை அணைத்தார். நான் அதிர்ந்துபோனேன். பயிற்சியில் இது இல்லை. "சொல்லுங்கம்மா. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அம்மா என்னைப் பார்த்தார். நான் பேனாவும் குறிப்பேடுமாகத் தயாராக நின்றேன். மெதுவாகக் கவரை எடுத்தார்.

"ஒண்ணு. எங்க வீட்டுப் பின்பக்கச் சுவர்ல விரிசல் விட்டிருந்துச்சு, ஐயா..."

இரண்டு மணி நாற்பது நிமிடம். சுவரின் விரிசல் கடைசியில் அடைபட்டது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். என்னோடு படித்து இப்போது மின்சார வேலை பார்க்கும் ஒருவன் வாராவாரம் வந்து அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கிறானாம், அது ஆறாவது. போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து, மூன்று நாள் யாருக்கும் சொல்லாமல் படுத்திருந்தாராம், அது ஒன்பதாவது.

"பையனுக்குச் சொல்லலையாம்மா?" என்று கேட்டார் ஐயா.

"அவன் ஊழியத்துல இருக்கான், ஐயா. அங்க எத்தனை பேரு விழுந்து கெடப்பாங்களோ."

ஐயா நாற்காலியை இன்னும் அருகே இழுத்தார். "இங்க அவனைப் பாக்கத்தானே வந்தீங்க? பாத்தீங்களா?"

"வந்து பதினாலு நாள் ஆச்சு. இன்னும் பாக்கல."

அதையும் ஒரு எழுத்து விடாமல் குறித்துக்கொண்டேன். பதினாறாவது முடிந்து பதினேழாவதற்கு அம்மா மூச்சு இழுத்தபோது, ஐயாவுக்குத் தேநீர் கொடுக்கவில்லையே என்பது எனக்கு உறைத்தது. விருந்தோம்பலில் குறை வைக்கலாமா? சமையலறைக்கு ஓடினேன். இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன்.

வந்து பார்த்தால் அம்மா கவரைக் கிழித்து மடியில் போட்டிருந்தார். ஐயா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தார்.

"பதினேழாவது என்ன, ஐயா?" என்று பேனாவைத் திறந்தேன். "படிவத்துல ஒரு வரி காலியா இருக்கு."

"அது அந்தப் பையனுக்கு மட்டும் சொல்லவேண்டியதாம், பிரதர். அவன் வரமாட்டான்னு தெரிஞ்சு எங்கிட்ட இறக்கிவெச்சுட்டாங்க. யாருக்கும் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்." மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து நின்றார். திடீரென்று சீறினார். "எப்படிப்பட்ட பையன் அவன்! பிரதர், இந்த நிலையத்தை மூடக்கூடாது. இன்னும் அஞ்சு வருஷம் நீங்க இங்கதான் இருக்கணும். உங்களுக்கு முதல் வேலை என்ன தெரியுமா? அந்தப் பையனைத் தேடிக் கண்டுபிடிங்க. சட்டையைப் பிடிச்சு இந்த அம்மா முன்னாடி கொண்டுவந்து உக்காரவையுங்க!"

"கட்டாயம், ஐயா" என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஐயாவுடன் ஆய்வுக் கூட்டம். சனிக்கிழமை விமான நிலையத்தில், சக்கர நாற்காலியைத் தள்ளும் பணியாளர் வந்துவிட்ட பிறகு, எனக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்தது.

"அம்மா, அந்தப் பதினேழாவது..."

"அதான் சொல்லியாச்சேடா" என்று என் கன்னத்தைத் தடவினார். "அந்த ஐயா ரொம்ப நல்லாக் கேட்டார். மனசு லேசாயிடுச்சு. நீயும் அங்கதானே இருந்தே?"

அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. தலையணையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

இப்போது எங்கள் நிலையம் ஓஹோவென்று நடக்கிறது. ஐயாவின் உத்தரவுப்படி படிவம் ஏழில் புதிதாக ஒரு கட்டமே சேர்த்துவிட்டார்கள்: 'அந்தத் தாயின் மகன் கண்டுபிடிக்கப்பட்டாரா?' மாதம் தவறாமல் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். படிவம் ஏழில் நான் இதுவரை பொய் எழுதியதே கிடையாது.