லக்சம்பர்க் இருமியது

ஐரோப்பா முழுவதற்கும் ஜாம் ஜாடி மூடி ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸில் ஒரு குழு கூடியிருந்தபோது, லீஸ்பெத்துக்கு இருமல் வந்துவிட்டது.

அவள் அதிகாரியில்லை, ஆராய்ச்சி மாணவி. இத்தனை நாட்டுக்காரர்கள் எப்படி ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்பதுதான் ஆய்வு. "பாரு, எழுது, வாயைத் திறக்காதே. திறந்தா அது அவங்க முடிவு இல்ல, உன் முடிவு. ஆய்வு குப்பைக்குத்தான்" என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். உதவித்தொகை முடிய மூன்று மாதம்தான் பாக்கி.

சுவரோரம் உட்கார இடமில்லை. மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கவே உட்கார்ந்தாள். முன்னால் 'லக்சம்பர்க்' என்ற பலகை இருந்ததை அப்புறம்தான் பார்த்தாள்.

இந்தக் குழுக்களில் எல்லோரும் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று அர்த்தம். அவள் இருமியதில் மௌனம் கலைந்தது.

"என்ன லக்சம்பர்க், ஆட்சேபணையா?" என்றார் தலைவர் ஓக்னியான்.

இல்லை என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். ஓக்னியான் பல்கேரியாக்காரர். அந்த ஊரில் அப்படி ஆட்டினால் ஆமாம். ஆட்சேபணை என்று குறித்துக்கொண்டார்.

விஷயம் புரிந்ததும், பல்கேரிய முறைப்படியே மறுத்துவிடலாம் என்று மேலும் கீழும் ஆட்டினாள். பெரிய மூடிதான் வேண்டும் என்றிருந்த பக்கத்து டென்மார்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, லக்சம்பர்க் நம் பக்கம் என்று அறிவித்தார். சின்ன மூடி கேட்ட ஸ்பெயினுக்குக் கோபம் வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். வேறு வழியில்லாமல் லீஸ்பெத் வாயைத் திறந்தாள்.

"சார், எனக்கு இதுல கருத்தே இல்லைங்க."

"கேட்டீங்களா? எந்தப் பக்கமும் சாயாத ஆளு கிடைச்சாச்சு. சமரச வரைவை அவங்களே எழுதட்டும்" என்றார் ஓக்னியான்.

தன் வீட்டு ஜாடியை நினைத்து அறுபத்தாறு மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் குனிந்து மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள். தீர்மானம் நிறைவேறிவிட்டது.

மூன்று வருட உழைப்பு போயிற்று. லீஸ்பெத்துக்கு அழுகை முட்டியது. இடைவேளையில், காபி வண்டி தள்ளும் ஜிஸ்லேனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அதிகாரிகளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னாள்.

ஜிஸ்லேன் நிதானமாக ஒரு கோப்பை காபி ஊற்றி அவள் கையில் கொடுத்தாள்.

"எந்த அதிகாரிங்கம்மா? அந்தக் குழுவைக் கலைச்சு மூணு வருஷமாச்சு. உள்ள இருக்கிறவங்க எல்லாருமே உன்னை மாதிரி ஆராய்ச்சி பண்ண வந்து, காலி நாற்காலியில உக்காந்தவங்கதான். அந்தத் தலைவருக்கு மட்டும் இது நாலாவது வருஷம், பாவம்."